நாத்தனார் பல்லும் ஃபிஃப்டி ஃபைவும்

நாத்தனாரின் புதுப் பல் செட்டு வீட்டுக்கு வந்த முதல் நாள், கலவை அக்காவும் அவள் புருஷனும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். நிமிர்ந்தால் சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டால் அந்த வீட்டில் அப்புறம் யாரும் உருப்படியாகத் தூங்க முடியாது.

பல் நீளமாக இருந்தது. ரொம்ப இல்லை, ஒரு அரிசி அளவுக்குத்தான். ஆனால் வாய்க்குள் ஒரு அரிசி என்பது சாதாரண விஷயமா? மேலுதடு இறங்கி வந்து கீழுதட்டைத் தொடப் பார்க்கும், நடுவில் பல் வந்து நின்றுகொள்ளும். உதடும் உதடும் சேராவிட்டால் ‘ப’ எங்கிருந்து வரும்?

“தம்பி, அந்தத் தண்ணிப் ஃபானையை இந்தப் ஃபக்கம் தள்ளு” என்றாள் நாத்தனார்.

தம்பி தள்ளினார்.

“என்னடா அப்படிப் ஃபாக்குற?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“உன் ஃபொண்டாட்டி வேலைடா இது. எனக்குக் குதிரைப் ஃபல்லு மாட்டி விட்டுட்டா.”

கலவை அக்கா எழுந்து கை கழுவப் போய்விட்டாள். சிரிப்பு ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். ஏனென்றால் நாத்தனார் சொன்னது பொய்யில்லை. அந்தப் பல்லை வாயில் வைத்துப் பார்த்து, “சரியா இருக்கு டாக்டர்” என்று சொன்னது அவள்தான்.

கலவை அக்கா என்பது பல் கிளினிக்கில் வைத்த பெயர். கூட்டிப் பெருக்கத்தான் அங்கே சேர்ந்தாள். அப்போது நாற்காலிப் பக்கம் உதவிக்கு இருந்த பெண் கல்யாணம் ஆகிப் போய்விட, “அக்கா, இதைக் கொஞ்சம் கலக்கித் தாங்களேன்” என்று டாக்டரம்மா ஒரு ரப்பர் கிண்ணத்தை நீட்டினாள். அளவெடுக்கிற பசை அது. பொடியில் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும். கட்டி தட்டக் கூடாது, நேரமாக்கவும் கூடாது, கிண்ணத்திலேயே இறுகிப் போகும். அவள் கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்து நாலு சுழற்று சுழற்றி நீட்டினாள். அன்றைக்கு விளக்குமாற்றைக் கீழே வைத்தவள்தான், திரும்ப எடுக்கவில்லை.

நாற்காலிப் பக்கம் நிற்பது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. எப்பேர்ப்பட்ட ஆளும் அந்த நாற்காலியில் சாய்ந்ததும் குழந்தையாகிவிடுகிறான். வெளியே சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவன் உள்ளே வந்ததும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். அவள் பக்கத்தில் நின்று, “வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம். வீட்டுல திட்டுறப்ப இவ்வளவுதான் திறப்பீங்களா?” என்பாள். சிரிப்பில் வாய் தானாகத் திறக்கும். ஊசி போடும்போது தோளில் கை வைத்துக்கொள்வாள். எச்சில் உறிஞ்சும் குழாயை எந்தப் பக்கம் வைத்தால் டாக்டர் கைக்கு இடைஞ்சல் இல்லை என்பது அவளுக்குச் சொல்லாமலே தெரியும். வீட்டில் அடுப்படி யாருடையது என்றால் அவளுடையது; கிளினிக்கில் அந்த நாற்காலியின் இடப்பக்கம் அவளுடையது. அவ்வளவுதான்.

கிளினிக்கில் இரண்டாவது நாற்காலி வாங்கிப் போட்ட பிறகு டாக்டரம்மாவுக்கு இரண்டு கை போதவில்லை. ஒரு நாற்காலியில் அவள் வேர் பிடுங்கிக்கொண்டிருப்பாள், இன்னொன்றில் பல் செட்டுக்காரர் காத்திருப்பார். பல் செட்டு நேரடியாக வந்துவிடாது. முதலில் மெழுகில் பல்லைப் பதித்து லேபிலிருந்து அனுப்புவார்கள். அதை வாயில் வைத்து, நீளம் சரியா, மூஞ்சிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, சரியென்று சொன்ன பிறகுதான் கெட்டியாகச் செய்வார்கள். மெழுகாக இருக்கும்போது திருத்தலாம். கெட்டியான பிறகு அழுதாலும் நடக்காது.

அந்த மெழுகுப் பல்லைப் பார்க்க டாக்டரம்மா ஒரு வழி வைத்திருந்தாள். வைத்துக்கொண்டவரை ஃபிஃப்டி ஃபைவ் என்று சொல்லச் சொல்ல வேண்டும். சொல்லும்போது மேல்பல்லின் நுனி கீழுதட்டில், ஈரமும் காய்ந்ததும் சேருகிற கோட்டில், லேசாகத் தொட வேண்டும். தொட்டால் நீளம் சரி.

நாத்தனார் முறை வந்த அன்று டாக்டரம்மா மற்ற நாற்காலியில் வசமாக மாட்டிக்கொண்டாள். முகமூடியைக் கழற்றாமலே குரல் கொடுத்தாள். “அக்கா, நீங்களே பாருங்க. சொல்ல வச்சு, தொடுதான்னு பாருங்க.”

முதல் தடவை தனியாக. அதுவும் நாத்தனார் வாய். கலவை அக்கா நிமிர்ந்து நின்றாள்.

“அண்ணி, நான் சொல்ற மாதிரி சொல்லுங்க. பிப்டி பைவ்.”

“பிப்டி பைவ்” என்றாள் நாத்தனார், மெழுகுப் பல் விழுந்துவிடுமோ என்று உதட்டை வலிந்து இழுத்து மூடி.

“இன்னொரு தடவை.”

“பிப்டி பைவ். எத்தனை தடவைடி, ஏலமா விடுற?”

“தொட்டுதா அக்கா?” என்றது மற்ற நாற்காலி.

“தொட்டுது டாக்டர். சரியா இருக்கு.”

தொடத்தான் செய்தது. எது எதைத் தொட்டது என்பதுதான் விஷயம்.

பல் செட்டு வந்த மறுநாளே நாத்தனார் அதைப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டாள். கையில் எடுத்துப் போனால் கதையின் பாதி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

“டாக்டர், இந்தப் ஃபல்லை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு வேணாம். தெருவுல ஃபோனா நாய் ஃபயப்படுது.”

டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு விளக்கை இழுத்து வாயைப் பார்த்தாள். “ஃபிஃப்டி ஃபைவ் சொல்லுங்கம்மா.”

“ஃபிஃப்டி ஃபைவ்” என்றாள் நாத்தனார், சுத்தமாக. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்கள் கூட அவ்வளவு சுத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். “அன்னிக்கும் இப்படித்தான் சொன்னாங்களா அக்கா?”

“இல்ல டாக்டர். அன்னிக்கு நான் சொன்ன மாதிரி சொன்னாங்க.”

“நீங்க எப்படிச் சொன்னீங்க?”

“பிப்டி பைவ்.”

டாக்டரம்மா கையிலிருந்த குட்டிக் கண்ணாடியைத் தட்டில் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. “அக்கா, உதடும் உதடும் ஒட்டினா அது வேற சத்தம். இதுக்குப் பல்லு உதட்டைத் தொடணும், நடுவுல காத்து போகணும். அதுக்காகத்தான் இந்த நம்பரையே சொல்லச் சொல்றது. நீங்க ரெண்டு பேரும் வாயை மூடி மூடித் திறந்திருக்கீங்க. பல்லு எங்க நிக்குதுன்னே யாருக்கும் தெரியல.”

“எங்க வீட்டுல எது செஞ்சாலும் இவ ஃபொறுப்பு இப்படித்தான் டாக்டர்” என்றாள் நாத்தனார். சந்தோஷத்தில் அவளுக்கு ஈறு வலி கூட மறந்துபோயிருந்தது.

அவளை அனுப்பிவிட்டு டாக்டரம்மா கையுறையைக் கழற்றினாள். “மேல்பல் செட்டைப் புதுசா மெழுகுல இருந்து செய்யணும். சரி, செஞ்சுக்கலாம். அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த உதவி வேலைக்குன்னே கோர்ஸ் முடிச்ச பொண்ணு ஒருத்தி வேலை கேட்டுட்டுப் போயிருக்கா. அவளை நாற்காலிப் பக்கம் போட்டுட்டு, நீங்க முன்னாடி உக்காந்து போன் எடுக்கலாமே? சம்பளத்துல கை வைக்க மாட்டேன். காலும் வலிக்காது.”

“என் கால் வலிக்குதுன்னு உங்ககிட்ட வந்து சொன்னேனா டாக்டர்?”

“அக்கா...”

“போன் எடுக்க யாரு வேணாலும் வரலாம். அந்தப் பொண்ணு எடுக்கட்டும். எங்க அண்ணி மெழுகுப் பல்லு மறுபடியும் வரும் இல்ல, அன்னிக்கு நான்தான் பாப்பேன். நான் சரியாச் சொல்லி, அவங்களையும் சொல்ல வச்சுக் காட்டுறேன். இல்லேன்னா அன்னிக்கே போய் போன் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

“ஒரு சத்தம்தான். ஆனா நாப்பது வருஷமாப் பழகின வாய் அக்கா.”

“வாய் என்னோடதுதானே? அதை ஆட்ட யார்கிட்டக் கேக்கணும்?”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உண்மையைச் சொன்னா உங்களுக்குத்தான் இது சுலபமா வரணும். மேல்பல்லு ஏற்கெனவே பாதி வழி வந்து நிக்குது.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் கலவை அக்காவின் மேலுதடு அந்த நிமிஷமே கடை ஷட்டர் மாதிரி சரக்கென்று இறங்கி மூடிக்கொண்டது.

அவளுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பின் வரிசைக்காரிகள் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். மற்ற பெண்கள் என்றால் அழுதிருப்பார்கள். இவள் அழவில்லை, உதட்டைப் பழக்கினாள். பேசும்போது இழுத்துப் பிடிப்பது, சிரிக்கும்போது இன்னும் இழுத்துப் பிடிப்பது. கல்யாணப் போட்டோவில் வாயில் குண்டூசி வைத்திருப்பவள் மாதிரி நிற்பாள். பிறகு வீடு, வேலை, ஒரு மகளைப் பெற்று வளர்த்து வெளியூருக்குப் படிக்க அனுப்பியது என்று எதிலும் அவள் யாருக்கும் பயந்ததில்லை. கடையில், ரேஷனில், பள்ளிக்கூட ஆபீஸில், எங்கேயும் முதல் ஆளாகப் போய் நின்று கேட்கிறவள்தான். அந்த உதடு மட்டும் தன் பாட்டுக்கு இறங்கி இறங்கி மூடிக்கொண்டிருந்தது. அவளே அதை மறந்துவிட்டிருந்தாள்.

இப்போது அந்த உதட்டோடுதான் சண்டை.

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஆரம்பித்தாள். பல்லைக் கீழுதட்டில் வைத்தாள். ஊதினாள். மேலுதடு உடனே ஓடி வந்து கதவைச் சாத்தியது. “பூ.” மறுபடி வைத்தாள், இன்னும் அழுத்தினாள். காற்றே வரவில்லை. அழுத்தமாகக் கடித்து ஊதியபோது கண்ணாடி முழுக்க எச்சில்தான் தெறித்தது. துடைத்தாள். மகளுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

“அம்மா, அது ஒண்ணுமே இல்லம்மா. சும்மா ஃப... ஃப... அவ்வளவுதான்.”

“சும்மான்னா எப்படிடி?”

“சும்மான்னா சும்மாதான். வந்துடும்மா.”

படித்தவர்களுக்கு வந்துவிடுகிறது, எப்படி வந்தது என்றுதான் தெரிவதில்லை. போனை வைத்துவிட்டாள். மறுநாள் காலை கீழுதட்டில் சிவப்பாகப் பல் தடம். அவள் புருஷன் பார்த்துவிட்டு, “உதட்டைக் கடிச்சுக்கிட்டு யாரைத் திட்டுற? எங்கக்காவையா?” என்றார்.

“உங்கக்காவைத் திட்ட உதட்டைக் கடிக்கணுமா? நேராவே திட்டுவேன்.”

இதில் கொடுமை என்னவென்றால், அந்த வீட்டில் ஒருத்திக்கு அந்தச் சத்தம் கேட்காமலே வந்துகொண்டிருந்தது. புதுப் பல் வருகிறவரைக்கும் மெல்ல வேண்டுமே என்று நாத்தனார் அந்த நீளப் பல்லையே மாட்டிக்கொண்டு திரிந்தாள். “ஃபாலை ஃபாத்து ஊத்து, ஃபொங்கிடப் ஃபோகுது” என்று அடுப்படியில் நின்று அதிகாரம் பண்ணுவாள். கலவை அக்கா பாலை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“என்னடி என் மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கு?”

“ஒண்ணும் இல்ல அண்ணி. இன்னொரு தடவை சொல்லுங்க.”

“ஃபோடி!”

அவள் புருஷன் தையல்காரர். வீட்டு முன்னறையில்தான் மெஷின். காலை வெயில் மெஷின் மேல் விழுகிற மாதிரி போட்டிருப்பார், பட்டன் துளை போட வெளிச்சம் வேண்டும் என்று. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கும். அதை எடுக்க மாட்டார். நூலைப் பல்லாலேயே கடித்து அறுப்பார். அதற்காக அவர் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. கடிக்கிறபோதெல்லாம் நூல் பிசிறு ஒன்று கீழுதட்டில் ஒட்டும். கை வேலையாக இருப்பதால் வாயாலேயே தள்ளிவிட்டுத் தைத்துக்கொண்டு போவார்.

துவைத்த துணிக் கூடையோடு அந்த வழியாகப் போனவள் நின்றாள். அவர் நூலைக் கடித்தார். தலையைக் குனிந்தபடியே மேல்பல்லைக் கீழுதட்டின் மேல் வைத்து ஒரு ஊது ஊதினார்.

“ஃப்.”

பிசிறு பறந்தது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம். மெஷின் சத்தத்தோடு சேர்த்து அதையும் காது ஒதுக்கி வைத்துவிட்டிருந்தது. கூடையை அப்படியே தரையில் போட்டாள்.

“என்னங்க, இப்ப பண்ணீங்களே, அதை இன்னொரு தடவை பண்ணுங்க.”

“எதை?”

“வாயால.”

அவர் திகைத்துப்போய் வாசல் பக்கம் பார்த்தார். “பட்டப் பகல்ல என்னடி பேசுற?”

“அட, தூ! நூலைத் துப்பினீங்களே, அதை.”

அவர் துப்பிப் பார்த்தார். வரவில்லை. “பூ” என்றார், “தூ” என்றார், “ப்ர்ர்” என்றார். யோசிக்காமல் செய்கிற வேலையை யோசித்துச் செய்யச் சொன்னால் எந்த ஆம்பிளைக்கு வரும்? அவள் மெஷினிலிருந்து ஒரு பிசிறைக் கிள்ளி அவர் கீழுதட்டில் ஒட்டினாள். “கையைக் கீழ போடுங்க. இப்பத் தள்ளுங்க.”

“ஃப்.”

“அசையாதீங்க. இன்னொண்ணு வைக்கறேன்.”

“ஃப். ஏய், எனக்கு வேலை கிடக்கு.”

அவள் முகத்தை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்தாள். பல் அழுத்தவில்லை, சும்மா உட்கார்ந்தது. அதைவிட முக்கியம், மேலுதடு விலகி மேலே போனது. பிசிறைத் தொட்டுவிடக் கூடாதே என்று அதுவாகவே ஒதுங்கியது. அவளுக்கு விளங்கிவிட்டது. இத்தனை நாளும் பல்லோடு மல்லுக்கட்டினாள். தப்புப் பண்ணியது பல் இல்லை.

ஒரு பிசிறை எடுத்துத் தன் உதட்டில் ஒட்டிக்கொண்டாள். முதல் தடவை மேலுதடு பழக்கத்தில் இறங்கிப் பிசிறையும் சேர்த்து மூடியது. சீ என்று எடுத்துப் போட்டு வேறொன்று ஒட்டினாள். இந்தத் தடவை முன்பல் முழுக்க வெளியே தெரிய, புருஷன் எதிரே நின்று, உதட்டைத் தூக்கி ஊதினாள்.

“ஃப்ஃப்ஃப்.”

பிசிறு போய் அவர் சட்டையில் விழுந்தது.

“வந்துடுச்சுங்க!”

உள் அறையிலிருந்து நாத்தனார் குரல் வந்தது. “யாருடா அது, ஃபாம்பு மாதிரிச் சீறுறது?”

தையல்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “உனக்கு இவ்வளவு பல்லு இருக்கா? இத்தனை வருஷமா பாதிதான் காட்டிக்கிட்டு இருந்திருக்க.”

“பாத்தாச்சு இல்ல? துணியைத் தைங்க.”

ஆனால் அன்றைக்கு அவர் மூன்று தடவை நூலைக் கடிக்கும் சாக்கில் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவளும் உதட்டை இறக்கவில்லை.

தனியாக ‘ஃப்’ வருவது வேறு, வார்த்தைக்குள் வருவது வேறு. ஃபிஃப்டி என்பதில் அது இரண்டு இடத்தில் நிற்கிறது. முதலில் வந்தால் இரண்டாவதில் உதடு மூடும். இரண்டாவதைப் பிடித்தால் முதலாவது கை நழுவும். பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள், துணி மடித்துக்கொண்டே சொன்னாள், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் வந்தது வினை. ஒருநாள் பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதும் அது எல்லா இடத்துக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது, அழைக்காத விருந்தாளி மாதிரி. மளிகைக் கடையில் போய் நின்று, “கால் கிலோ ஃபூண்டு குடுங்க” என்றாள்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கும் பல்லு கட்டியாச்சா? உங்க நாத்தனார் இப்பத்தான் ஃபுளி வாங்கிட்டுப் போறாங்க.”

“எனக்கு எல்லாம் சொந்தப் ஃபல்லு” என்றாள், ரோஷமாக.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எந்த இடத்தில் உதட்டைத் தூக்குவது, எந்த இடத்தில் விடுவது என்று மறுபடி பழக வேண்டியிருந்தது. பூண்டுக்கு மூடு, ஃபைவுக்குத் திற. பானைக்கு மூடு, ஃபேனுக்குத் திற. வாசலில் ஆள் பார்த்துக் கதவு திறப்பது போலத்தானே, அதென்ன பெரிய வித்தை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மெழுகுப் பல் லேபிலிருந்து வந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது, அவளுக்குப் பூண்டு பூண்டாகவும் ஃபைவ் ஃபைவாகவும் வர ஆரம்பித்திருந்தது.

ஆனால் நாத்தனார் வர மாட்டேன் என்றாள்.

“மறுபடியும் இவ கையில வாயைக் குடுக்கறதுக்கு நான் கூழ் குடிச்சே இருந்துக்குவேன். டாக்டரே ஃபாக்கட்டும்.”

“அண்ணி, போன தடவை தப்பு என் மேலதான். எனக்குப் பல்லு பாக்கத் தெரிஞ்சுது, அந்த நம்பரைச் சொல்லத் தெரியல. இப்பத் தெரியும். டாக்டரும் பக்கத்துலயே நிப்பாங்க. சரியில்லேன்னா அங்கேயே எந்திரிச்சு வந்துடுங்க. ஊர் பூரா சொல்லுங்க.”

“அதை நீ சொல்லித்தான் நான் சொல்லணுமாக்கும்” என்று முனகிக்கொண்டே செருப்பைத் தேடினாள் நாத்தனார்.

கிளினிக்கில் அந்தக் கோர்ஸ் முடித்த பெண்ணும் வந்திருந்தாள். வெள்ளைக் கோட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாமல். இரண்டாவது நாற்காலி பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றாள். கலவை அக்கா நாற்காலியைச் சாய்க்கவில்லை, நிமிர்த்தியே வைத்தாள். சாய்ந்தால் உதடு இழுத்துக்கொள்ளும். நீளப் பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டு, மெழுகுப் பல்லை நனைத்து மேலண்ணத்தில் அழுத்தி வைத்தாள். சூடாக எதுவும் குடித்துவிட்டு வரவில்லையே என்று கேட்டுக்கொண்டாள். விளக்கை மூஞ்சியில் அடிக்காமல் வாய் மட்டும் தெரிகிற மாதிரி இறக்கினாள்.

“அண்ணி, என் வாயைப் பாத்துக்கிட்டே சொல்லுங்க. ஃபிஃப்டி ஃபைவ்.”

சுத்தமாக வந்தது. இரண்டு இடத்தில் மட்டும் இல்லை, மூன்று இடத்திலும். பல் வெளியே தெரிய, அத்தனை பேர் எதிரில். டாக்டரம்மாவின் புருவம் ஏறியது.

நாத்தனார் வாயைத் திறந்தாள். “பிப்டி பைவ்.”

கலவை அக்கா இன்னும் குனிந்து பார்த்தாள். நீளப் பல் இருந்தவரை வந்த சத்தம், சரியான பல்லை வைத்ததும் போய்விட்டது. உதடு மூட வழி கிடைத்ததும் அது பாட்டுக்கு மூடிக்கொண்டது.

“இல்ல அண்ணி, ஃபிஃப்டி.”

“அதைத்தானே சொல்றேன். பிப்டி.”

“ஃபைவ்.”

“பைவ். எனக்கு வாய் வலிக்குதுடி.”

“நான் ஒரு தடவை சொல்லட்டுமா மேடம்?” என்றாள் வெள்ளைக் கோட்டுப் பெண். டாக்டரம்மா கலவை அக்காவைப் பார்த்தாள்.

“நீ சொன்னாலும் இவங்க பிப்டின்னுதான் சொல்லுவாங்க கண்ணு. நான் எத்தனை நாள் சொன்னேன்னு எனக்குத்தான் தெரியும்” என்றாள் கலவை அக்கா. தட்டில் இருந்த பஞ்சிலிருந்து ஒரு இழை கிள்ளினாள். நனைத்தாள். நாத்தனாரின் கீழுதட்டில் ஒட்டினாள். “அண்ணி, பஞ்சு ஒட்டிக்கிச்சு. கையைத் தூக்காதீங்க, கையில கிருமி. ஊதித் தள்ளுங்க.”

“பூ” என்று ஊதினாள் நாத்தனார். ஈரப் பஞ்சு அசையவில்லை. மறுபடி ஊதினாள். எரிச்சல் வந்துவிட்டது. கண்ணைக் கீழே இறக்கி, பல்லை உதட்டில் வைத்து, வீட்டில் உள்ள அத்தனை கோபத்தையும் சேர்த்து ஒரு தள்ளு தள்ளினாள்.

“ஃப்!”

“ஆ, அதேதான்! நிறுத்தாதீங்க. அப்படியே இழுத்து அஞ்சு சொல்லுங்க, ஃஃஃபைவ்.”

“ஃஃஃபைவ்.”

“ஃபிஃப்டி ஃபைவ்.”

“ஃபிஃப்டி ஃபைவ். போதுமா? உன் பஞ்சு பாதி வாய்க்குள்ள போயிடும் போல.”

கலவை அக்கா குனிந்தபடியே பார்த்தாள். இடது பக்கம் பல் நுனி ஈரக் கோட்டில் அழகாக உட்கார்ந்தது. வலது பக்கம் கோட்டைத் தாண்டி உள்ளே கொஞ்சம் இறங்கியது. மறுபடி சொல்ல வைத்தாள். மறுபடியும் அப்படித்தான்.

“டாக்டர், வலது பக்கம் துளி இறங்குது.”

டாக்டரம்மா வந்து குனிந்தாள். “பஞ்சை எடுத்துட்டு ஒரு தடவை சொல்ல வைங்க. பஞ்சு இருந்தா உதட்டைக் கொஞ்சம் கூடுதலா உள்ள இழுப்பாங்க, அளவு ஏமாத்தும்.”

இது கலவை அக்காவுக்குத் தோன்றியிருக்கவில்லை. பஞ்சை எடுத்தாள், நாத்தனாரைத் தண்ணீர் குடிக்க வைத்தாள், “கோபத்தை மட்டும் விட்டுடாதீங்க அண்ணி” என்று சொல்லிச் சொல்ல வைத்தாள். உள்ளே போனது பாதி குறைந்தது. ஆனாலும் இறங்கியது.

“ஆமா. துளி இறங்குது” என்றாள் டாக்டரம்மா. மெழுகுக் கத்தியை ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டி, வலது பக்கப் பல் இரண்டையும் அசைத்து ஏற்றினாள். மறுபடி வைத்தார்கள். ஃபிஃப்டி ஃபைவ். இரண்டு பக்கமும் கோட்டில் நின்றது.

கலவை அக்கா கைக்கண்ணாடியை நாத்தனார் கையில் கொடுத்தாள். நாத்தனார் இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கன்னத்தை உப்ப வைத்து, வாயை மூடிப் பார்த்தாள். மூடியது.

“பரவாயில்ல” என்றாள். உடனே சுதாரித்துக்கொண்டு, “டாக்டர் பக்கத்துல நின்னதாலதான்” என்று சேர்த்துக்கொண்டாள்.

“பாருங்க, பரவாயில்லன்னு எவ்வளவு நல்லாச் சொல்றீங்க” என்றாள் கலவை அக்கா.

டாக்டரம்மா மெழுகுப் பல்லை டப்பாவில் வைத்து மூடினாள். வெள்ளைக் கோட்டுப் பெண்ணைப் பார்த்து, “நீ இன்னிலருந்து முன்னாடி போனைப் பாரும்மா. மத்தியானம் கூட்டம் குறைஞ்சதும் இங்க வந்து அக்கா எப்படிப் பண்றாங்கன்னு பாத்துக்க” என்றாள். பிறகு கலவை அக்காவிடம் மெதுவாக, “நாளைலருந்து மெழுகுப் பல்லு ட்ரையல் எல்லாம் நீங்களே பாருங்க. கடைசியா ஒரு தடவை நான் வந்து பாத்துக்கறேன்” என்றாள்.

“கடைசியா நீங்க பாத்தே ஆகணும் டாக்டர். நானும் அதைத்தான் சொல்லலாம்னு இருந்தேன்.”

நாத்தனார் எழுந்து சேலையை உதறிக்கொண்டு வெளியே போனாள். கலவை அக்கா கை கழுவினாள், நாற்காலியைத் துடைத்தாள், புது டம்ளரில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அடுத்தவர் வாசலிலேயே தயங்கி நின்றார். பொக்கை வாய், கையில் துண்டு, லாரி ஓட்டி ஓட்டிக் கறுத்துப்போன முகம்.

“அம்மா, உள்ள ஏதோ இங்கிலீஷ்ல சொல்லச் சொல்றாங்கன்னு வெளிய பேசிக்கிறாங்க. எனக்கு அதெல்லாம் வராதும்மா.”

“எனக்கும் வராதுங்க. ஒரே ஒரு எழுத்துதான் வரும்” என்றாள் கலவை அக்கா, பல் தெரிய. “அது போதும். வந்து உக்காருங்க.”